மூன்று விரல் ஆழத் தண்ணீர்

போன கிழமை மூதூரிலிருந்து ஒரு தம்பி கோல் எடுத்தார். முன்பின் பழக்கமில்லை. எங்கள் கடைக்குச் சிலிண்டர் ஏற்றி இறக்குகிற ஓட்டோக்காரர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ஏழாம் மாதத்தில் பிறந்த அவருடைய மகனுக்குக் கொழும்பில் பீடிஏ ஒப்பரேஷன், அதாவது இருதயத்துக்குப் பக்கத்தில் மூடாமல் கிடக்கிற ஒரு இரத்தப் பாதையை அடைக்கிற ஒப்பரேஷன், நடந்திருக்கிறது.

"அண்ணன், ஒப்பரேஷன் சரி எண்டு சொல்லிட்டாங்க. இண்டைக்கு ஆறு நாள். இன்னும் மெஷின்லதான் மூச்சு விடுறான். எங்களுக்கிட்ட எதையும் மறைக்கிறாங்களா?"

கொம்பிரசரை நிறுத்திவிட்டு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். 2018இல் என் மகளுக்கும் இதே ஒப்பரேஷன் நடந்தபோது, இதே கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொழும்பில் ஒரு விறாந்தையில் நான் நின்றிருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. போனில் சொல்லி முடிக்காததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலே சொல்லிவிடுகிறேன், நான் டொக்டர் இல்லை. திருகோணமலை உப்புவெளியில் சுழியோடிகளின் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்புகிறவன். புறாத்தீவுக்குப் போகிற வெள்ளைக்காரருக்கும் நிரப்புவேன், சங்கு குளிக்கிற, கடலட்டை பிடிக்கிற எங்கள் ஆட்களுக்கும் நிரப்புவேன். காற்று, அழுத்தம், மூச்சு, இது மூன்றும்தான் என் சோறு. அதனால்தானோ என்னவோ, மகளின் கட்டிலடியில் மற்றவர்களுக்குப் புரியாத சிலது எனக்குப் புரிந்தது. வேறு சிலதைத் தலைகீழாகவும் புரிந்துகொண்டேன்.

மகள் பிறந்தது மாசி மாதம். வாடை இன்னும் முழுதாக ஓயாத காலம், கடல் கலங்கிக் கிடந்தது, கடையும் பூட்டு. கொம்பிரசரைக் கழற்றிச் சாக்கில் பரப்பி வைத்திருந்த நேரத்தில் உவர்மலையிலிருந்து மாமி கோல் எடுத்தார். மனிசிக்கு 27 கிழமை. பிள்ளை 960 கிராம். ஒரு செட் ரெகுலேற்றர் அதைவிடப் பாரம் என்று முதலில் மனதில் ஓடியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓடியது அதுதான்.

பிறந்த உடனேயே தொண்டைக்குள் ஒரு குழாய் வைத்து, அதன் வழியாக நுரையீரலுக்குள் பால் மாதிரி ஒரு மருந்தை விட்டார்கள். சர்ஃபக்டன்ட். நுரையீரலில் உள்ள குட்டிக் காற்றறைகள் வெளிமூச்சில் ஈரம் பட்டு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற வழுவழுப்பான சாமான் அது. நிறைமாதப் பிள்ளைக்குத் தானாக ஊறும், 27 கிழமைப் பிள்ளைக்குப் போதாது. 1959இல் மேரி எலன் ஏவரி என்ற டொக்டர் அம்மாதான் குறைமாதப் பிள்ளைகளின் நுரையீரலில் இது குறைவு என்று கண்டுபிடித்தவர். 1963இல் அமெரிக்க ஜனாதிபதி கெனடிக்கு ஐந்தரைக் கிழமை முந்திப் பிறந்த மகன், இரண்டு கிலோவுக்கு மேல் பாரம், இரண்டு நாள்கூட இருக்கவில்லை. சர்ஃபக்டன்டைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து முதன்முதல் வென்றது 1980இல், ஜப்பானில். வெள்ளை மாளிகைப் பிள்ளைக்குக் கிடைக்காத மருந்து திருகோணமலையில் ஒரு சதமும் வாங்காமல் என் மகளின் நுரையீரலுக்குள் போனது. அரசாங்க ஆஸ்பத்திரியை எடுத்ததற்கெல்லாம் திட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே குழாயால்தான் மெஷினும் மூச்சுக் கொடுத்தது. ஐந்தாம் நாள் அதைக் கழற்றினார்கள். ஒன்பதாம் நாள் திரும்ப வைத்தார்கள். அப்போதுதான் பீடிஏ என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

சொந்தக்காரர் எல்லாரும் "இருதயத்தில் ஓட்டை" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். ஓட்டை கிடையாது. இருதயத்திலிருந்து உடம்புக்குப் போகிற பெரிய குழாய் ஒன்று, நுரையீரலுக்குப் போகிற குழாய் ஒன்று. வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலையில்லை, அதனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்குப் பாதை திறந்திருக்கும். பிறந்து இரண்டு மூன்று நாளில் அது தானாகச் சுருங்கிப் பூட்டிக்கொள்ளும். குறைமாதப் பிள்ளைக்குப் பல நேரம் பூட்டாது. பிறந்த பிறகு அழுத்தம் மாறிவிடுவதால் உடம்புக்குப் போக வேண்டிய இரத்தத்தில் ஒரு பங்கு அந்தப் பாதையால் திரும்பி நுரையீரலுக்கே பாய்கிறது. கொம்பிரசரில் பைபாஸ் வால்வு மூடாமல் கிடந்தால் என்ன நடக்கும்? மோட்டர் மூச்சு வாங்க வாங்க ஓடும், சிலிண்டரில் முள் ஏறாது. இங்கே அதோடு நுரையீரலும் நனைந்த பஞ்சு மாதிரி ஊறிவிடும். ஊறிய பஞ்சைக் காற்றால் நிரப்புவது லேசான வேலையா? மெஷின் இல்லாமல் மகளால் முடியாமல் போனது அதனால்தான்.

பூட்டுவதற்கு முதலில் மருந்து கொடுத்தார்கள், பரசிட்டமோல். "பனடோலா?" என்று மாமி இரண்டு தரம் கேட்டார். பனடோலேதான், நரம்பு வழியாக. சில பிள்ளைகளுக்கு அது வேலை செய்யும். சில பிள்ளைகளுக்குக் கொஞ்சநாள் பொறுத்திருந்தாலே பாதை தானாகப் பூட்டிவிடும், அதனால் இப்போது பல டொக்டர்மார் அவசரப்பட்டுக் கத்தி வைப்பதில்லை என்றும் சொன்னார்கள். எங்களுக்கு இரண்டும் சரிவரவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் அம்புலன்ஸில் கொழும்புக்கு. ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி ஹபரணைக்கு முன்னால் தனியன் யானை ஒன்று றோட்டில் நின்றது, டிரைவர் லைட்டை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பின்னால் நர்ஸ் மிஸ்ஸி கையால் பையை அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார், மெஷினில் ஏதோ பிரச்சினை. நிமிடத்துக்கு ஐம்பது தரம். யானைக்கு ஒரு அவசரமும் இல்லை. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

ஒப்பரேஷன் அடுத்த நாள் காலை. பாரம் 1,080 கிராம். இடப்பக்கத் தோள்பட்டைக்குக் கீழே முதுகுப் பக்கமாக ஒரு சின்ன வெட்டு, நுரையீரலை மெல்ல ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பாதையைக் கட்டி விடுவது. 1938இல் பொஸ்டனில் ரொபேர்ட் குரோஸ் என்ற இளம் டொக்டர் ஏழு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு முதன்முதல் இதைச் செய்து வென்றார். அவருக்கு மேலே இருந்த பெரிய டொக்டர் ஊரில் இல்லாத நேரம் பார்த்துச் செய்தாராம். எங்கள் மகளுக்கு எல்லாம் சேர்த்து 40 நிமிடம்.

"சக்சஸ்" என்றார்கள். நான் ஊரெல்லாம் கோல் எடுத்தேன். மாமி பத்திரகாளி அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். மச்சான் கொட்டாஞ்சேனையில் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். இரண்டு நாளில் குழாயைக் கழற்றிவிடுவார்கள், ஒரு கிழமையில் ஊருக்குப் போகலாம் என்று நானாகவே கணக்குப் போட்டேன். அப்படி எவரும் சொல்லவில்லை. ஆனால் அப்படி இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை.

அன்று இரவு இரத்தப் பிரஷர் விழுந்தது. மெஷினின் அளவுகளையும் ஒட்சிசனையும் கூட்டினார்கள், புதுப் பம்புகள் இரண்டு கட்டிலடியில் வந்து நின்றன. இரவு வேலையில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து அதில் படம் கீறிக் காட்டினார். இவ்வளவு நாளும் இருதயத்தின் இடப்பக்கம் சும்மா திறந்து கிடந்த பாதைக்குள் இரத்தத்தை லேசாகத் தள்ளிப் பழகிவிட்டது. இன்றைக்கு அந்த வழியை அடைத்துவிட்டோம். இனி முழு உடம்பின் தடையையும் எதிர்த்துத் தள்ள வேண்டும். பழக்கமில்லாத பாரம், அதனால் திணறுகிறது. ஒப்பரேஷன் முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் இப்படி வரலாம் என்று எதிர்பார்த்துத்தான் மருந்தைத் தயாராக வைத்திருந்தோம் என்றார். அந்த அட்டைத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த டொக்டர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இரண்டாம் நாள் பிரஷர் நிமிர்ந்தது. இனி மூச்சுத்தான்.

மூதூர்த் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். பாதையை அடைத்தாயிற்று, பிறகு ஏன் மெஷின்? ஏனென்றால் அடைத்தது இனிமேல் நனையாமல் இருப்பதற்கு. மூன்று கிழமை நனைந்து கிடந்த நுரையீரல் ஒரே நாளில் காயாது. அதற்கு மேல், ஒப்பரேஷனில் இடப்பக்க நுரையீரலை ஒதுக்கி அமுக்கி வைத்திருந்தார்கள், அது திரும்ப விரிய வேண்டும். விலா எலும்புகளுக்கு நடுவில் வெட்டு, மூச்சு இழுக்கிற ஒவ்வொரு தரமும் வலிக்கும். வலிக்கு ஃபென்டனில் கொடுத்தால் வலி போகும், கூடவே மூச்சு விடுகிற நினைப்பும் போகும். மருந்தைக் குறைத்தால் வலியில் மேலோட்டமாக மூச்சு விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு நாளும் அளந்து அளந்து நடந்தார்கள்.

நான் மெஷினின் திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். மேற்பார்வைக்கு வந்த மிஸ்ஸி ஒருவர் "தாத்தா, பபாவைப் பாருங்கள், மெஷினைப் பார்க்காதீர்கள்" என்றார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எனக்கு அப்போது 34 வயது, முதல் நாள் அந்தச் சொல்லைக் கேட்டு யாரோ கிழவனைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஆனால் மெஷினைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை. கேஜ் பார்த்தே வளர்ந்தவன்.

அதில் ஒரு எண் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சுக்கு உள்ளே போகிற காற்று: 5, 6, சில நேரம் 5.5. லீற்றராக்கும் என்று நினைத்துக் குழம்பி, பிறகு கேட்டேன். மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி. நான் ஒரு சிலிண்டருக்குள் 200 பாரில் இரண்டாயிரம் லீற்றருக்கு மேல் காற்றைத் திணிக்கிறவன். என் மகளின் மூச்சு ஒரு தேக்கரண்டி.

தேக்கரண்டிக்கு மேல் ஒரு சொட்டுக் கூடக் கூடாதாம். கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் விரியாதா என்று கேட்டேன், முட்டாள்தனமாக. கேட்டு முடிப்பதற்குள் எனக்கே விடை தெரிந்துவிட்டது. சுழியோடப் பழகுகிறவனுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுப்பது என்ன? மேலே வரும்போது மூச்சைப் பிடிக்காதே. நெஞ்சு நிறையக் காற்றோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓரிரு மீற்றர் மேலே வந்தாலே நுரையீரல் கிழியலாம். அந்தப் பிள்ளையின் நுரையீரல் ஈரக் கடதாசி மாதிரி. அதனால் இரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டு மெல்ல ஊதினார்கள்.

ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். நான் கொட்டாஞ்சேனைக்குக் குளிக்கப் போயிருந்தேன். பின்னேரம் கோல் வந்தது. "பபா ஹொந்த நே, என்ன" என்று ஒரு குரல், அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். பிள்ளை சரியில்லை, வாருங்கள். ஈரத் துவாயோடு ஓட்டோவில் ஏறினேன். போகிற வழியில் மனிசிக்கு என்ன சொல்வது, பெட்டி எங்கே வாங்குவது என்பது வரை யோசித்துவிட்டேன். போய்ப் பார்த்தால், களைத்துவிட்டாள் என்று குழாயைத் திரும்ப வைத்திருக்கிறார்கள், பிள்ளை கண்ணை மூடி நிம்மதியாகப் படுத்திருக்கிறது. அவர்களுக்கு அது சாதாரணம். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு முதல் தரம் சரிவராதாம். அதை ஒரு நாள் முன்னால் சொல்லியிருக்கலாம், எங்கள் பாஷையில் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. யாரையும் பெயர் சொல்லிக் குறைகூற வரவில்லை. ஆனால் அந்த ஓட்டோப் பயணத்தை நான் மன்னிக்கவில்லை.

பதினோராம் நாள் இரண்டாவது தரம் கழற்றினார்கள். வீக்கம் வற்ற மருந்து கொடுத்து, ஆயத்தத்தோடு. இந்தத் தடவை நான் பக்கத்தில் நின்றேன். மகள் வாயைத் திறந்து அழுதாள். முகம் சிவந்தது, நெற்றி சுருங்கியது, கை கால் உதறியது. சத்தம் வரவில்லை. டயரில் காற்றுப் போகிற மாதிரி ஒரு மெல்லிய "ஹ்ஹ்" மட்டும்.

"பிள்ளையின்ர குரல் எங்க?" என்றாள் மனிசி.

குழாய் இருந்த தொண்டை, இரண்டு நாளில் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை. தொண்டை டொக்டர் நூல் மாதிரிக் கமரா ஒன்றை மூக்கால் விட்டுப் பார்த்தார். இடப்பக்கக் குரல்நாண் அசையவில்லை. குரல்நாணுக்குப் போகிற நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, அவர்கள் கட்டிய அதே பாதைக்குக் கீழாக வளைந்து, திரும்ப மேலே ஏறுகிறது. இந்த அளவுப் பிள்ளையில் எல்லாம் நூல்தான், எது நரம்பு எது நாளம் என்று பிரித்தெடுப்பதே ஒரு கலை. சில பிள்ளைகளுக்கு அந்த நரம்பு நெரிபட்டுவிடுகிறது. முன்கூட்டியே கையெழுத்து வாங்கிய தாளில் இதுவும் இருந்திருக்கும். நான் வாசிக்கவில்லை, வாசிக்கிற நிலையிலா இருந்தேன்.

குரல் போனால் போகட்டும், மூச்சு இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டது என்று பிறகுதான் தெரிந்தது. குறைமாதப் பிள்ளைகள் பிறந்த உடன் "ங்... ங்..." என்று முனகுவதைப் பார்த்திருப்பீர்கள். வலியில் முனகுவதில்லையாம் அது. வெளிமூச்சு விடும்போது குரல்நாணை மூடி, காற்று முழுதும் ஓடிவிடாமல் கொஞ்சத்தை உள்ளே தடுத்து வைக்கிறது பிள்ளை. தடுத்தால்தான் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்து நிற்கும். ஒருவரும் சொல்லிக் கொடுக்காத வித்தை. என் மகளுக்கு மூடுகிற கதவில் ஒரு பக்கம் வேலை செய்யவில்லை. அவளால் ஒழுங்காக முனக முடியாது.

அவளுக்குப் பதிலாக முனகியது ஒரு தண்ணீர்ப் போத்தல். பபிள் சீபாப்.

வந்த நாள் அந்தச் சாமானைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லா மெஷினும் லைட் போட்டுக் கத்துகிற அறைக்குள் இது மட்டும் எங்கள் பட்டறையில் செய்த மாதிரி. காற்றும் ஒட்சிசனும் கலந்து ஒரு குழாயால் பிள்ளையின் மூக்குக்கு வருகிறது. மூக்கிலிருந்து வெளியே போகிற குழாயின் மறுமுனை ஒரு போத்தல் தண்ணீருக்குள் முக்கி வைத்திருக்கிறது. 6 சென்ரிமீற்றர் ஆழத்தில் முனை இருந்தால், வெளியே வர விரும்புகிற காற்று 6 சென்ரிமீற்றர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். அந்தத் தடைதான் நுரையீரலைப் பூட்டாமல் பிடித்து வைக்கிறது. முழு விஞ்ஞானமும் இவ்வளவுதான். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜோர்ஜ் கிரெகரி என்பவர் இந்த மாதிரி விடாத அழுத்தத்தை 20 பிள்ளைகளுக்குக் கொடுத்து 16 பேரைப் பிழைக்க வைத்தார், போத்தல் முறை பிறகு பிரபலமானது.

பத்து மீற்றர் ஆழத்துக்கு இறங்கினால் ஒரு வளிமண்டலம் கூடும் என்று வருடத்துக்கு நூறு பேருக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்கிறவன் நான். என் மகளின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது மூன்று விரல் அகல ஆழத்தில்.

தலைகீழாகப் புரிந்துகொண்டேன் என்றேனே, அது இங்கேதான். என் தொழிலில் ஈரம் எதிரி. காற்றில் ஈரம் இருந்தால் சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கும், ஃபில்டரை மாற்றி மாற்றிக் காய்ந்த காற்றைத்தான் நிரப்புவோம். அதைக் குடிக்கிற சுழியோடிக்குத் தொண்டை வறண்டுபோகும். மகளின் குழாயில் தண்ணீர் முத்துமுத்தாகப் பிடித்திருப்பதைக் கண்டு, ஏதோ லீக் என்று மிஸ்ஸியைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். காற்றைச் சூடாக்கி, உடம்புச் சூட்டுக்கு, 37 பாகைக்குக் கொண்டுவந்து, ஈரம் நிரப்பித்தான் அனுப்புகிறார்களாம். காய்ந்த குளிர்ந்த காற்று போனால் அந்த மூக்கும் நுரையீரலும் புண்ணாகிவிடும், சளி கட்டிக் குழாய் அடைக்கும். கன்னியா வெந்நீர்க் கிணற்றடியில் காலையில் நின்றால் முகத்தில் படுகிற காற்று மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைத்தது. குமிழி காவல். குமிழி ஒரே சீராக வந்தால் அழுத்தம் போகிறது என்று அர்த்தம். நின்றால் எங்கோ ஒழுகுகிறது: மூக்குக் குழாய் நழுவியிருக்கும், அல்லது பிள்ளை வாயைத் திறந்து வைத்திருக்கும். மெஷின் கத்துவதற்கு முன்னால் என் காது கண்டுபிடிக்கும். வாயை மெல்ல மூடி நாடியைத் தாங்கிப் பிடித்தால் திரும்பக் குமிழி வரும். மூக்கின் நடுத்தண்டு புண்ணாகாமல் இருக்கிறதா என்று மனிசி மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை பார்ப்பாள். அந்தப் புண்ணுக்கு மிஸ்ஸிமார் பயந்த பயத்தைப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை என்று தெரிந்தது.

இடையிடையே மூச்சையே மறந்துவிடுவாள். 15 செக்கன், 20 செக்கன், அலாரம், நெஞ்சுத் துடிப்பு விழும், உள்ளங்காலைத் தட்டினால் ஞாபகம் வரும். இதற்குக் கொடுத்த மருந்து கபீன். எங்கள் தேத்தண்ணியில் இருக்கிற அதே கபீன்தான், மூளையை மூச்சு விடச் சொல்லித் தட்டிக்கொண்டே இருக்கும். மாமிக்குப் போனில் சொன்னபோது, "ரெண்டு நாள் பிளேன்ரீ பருக்கினா என்ன?" என்று கேட்டார். இது நகைச்சுவையாகக் கேட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியாது. தயவுசெய்து ஒருவரும் பருக்காதீர்கள்.

ஒட்சிசன் பற்றியும் ஒரு சொல். விரலில் சிவப்பு லைட் கட்டிப் பார்க்கிற அந்த எண் 100 இருந்தால் நாங்கள் சந்தோஷப்படுவோம். அவர்கள் உடனே ஒட்சிசனைக் குறைப்பார்கள். 90க்கும் 95க்கும் நடுவில்தான் வேண்டுமாம். கூடினால் பிஞ்சுக் கண்ணின் விழித்திரை கெடும், 1940களில் ஒட்சிசனை அள்ளிக் கொடுத்துப் பல பிள்ளைகள் பார்வை இழந்த பிறகு படித்த பாடம். சுழியோடிக்கு இது புதுசில்லை. ஆழத்தில் ஒட்சிசன் கூடினால் வலிப்பு வரும். ஆனால் அப்பனாக நிற்கும்போது படித்ததெல்லாம் மறந்து, ஏன் குறைக்கிறீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

சித்திரை வருஷப் பிறப்பு வாட்டில்தான். மிஸ்ஸிமார் கொக்கிஸும் பலகாரமும் கொண்டுவந்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்தார்கள். டொக்டர் வந்து போத்தலில் குழாயை ஒரு சென்ரிமீற்றர் உயர்த்தினார். ஆறிலிருந்து ஐந்து. அதுதான் எங்கள் கைவிசேஷம். மனிசி அந்தப் போத்தலைக் கும்பிட்டாள்.

அன்று பின்னேரம்தான் முதன்முதலில் என் நெஞ்சில் போட்டார்கள். 1978இல் கொலம்பியாவில் இன்குபேற்றர் போதாமல் தொடங்கிய பழக்கமாம், கங்காரு மாதிரி தோலோடு தோலாக அணைத்து வைப்பது. சேர்ட்டைக் கழற்றிவிட்டுச் சாய்வு கதிரையில் படுத்தேன். மூக்கில் குழாய், குழாயில் போத்தல், போத்தலில் குமிழி, எல்லாத்தோடும் சேர்த்து ஒன்றேகால் கிலோ. நான் மெதுவாக மூச்சு விட்டேன், ஆழத்தில் காற்றை மிச்சம் பிடிக்கிற போது விடுகிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் திரையில் அவளுடைய எண்கள் ஆடாமல் நின்றுவிட்டன. எனக்கு நித்திரை வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் அப்படி நித்திரை கொண்டதில்லை.

பிறகு நடந்ததெல்லாம் ஏறுகிற கதை. ஆழத்திலிருந்து வருகிறவன் ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நின்று வருகிற மாதிரி, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று. ஏப்ரல் கடைசியில் போத்தலை எடுத்துவிட்டு, மூக்கில் வேகமாகச் சூடான காற்று விடுகிற மெல்லிய குழாய். பத்து நாளில் சாதாரண ஒட்சிசன் குழாய், கால் லீற்றர். நடுவில் ஒரு சளி பிடித்து நாலு நாள் திரும்ப போத்தலுக்குப் போய் வந்தோம். இந்தத் தடவை நான் பெட்டியைப் பற்றி யோசிக்கவில்லை. கீழே ஒரு படி இறங்கியிருக்கிறாள், அவ்வளவுதான்.

பால் பழக்குவது தனி வேலை. குரல்நாண் மூடாததால் பால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம் என்று, வாயால் கொடுப்பதை மிகவும் மெதுவாகத் தொடங்கினார்கள். மனிசியிடம் கேட்டால் அந்தக் கிழமைகள்தான் எல்லாவற்றிலும் கஷ்டம் என்பாள். அதை அவள்தான் எழுத வேண்டும்.

மே மாதம் நடுவில் எல்லாக் குழாயும் போனது. ஒப்பரேஷன் நடந்து சரியாக 60 நாள். ஜூன் முதல் கிழமை, 2,100 கிராமோடு உவர்மலைக்கு வந்தோம். கடலில் சீசன் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் இரவு வீட்டில் குமிழிச் சத்தம் இல்லாமல் எனக்கு நித்திரை வரவில்லை. மீன் தொட்டிக்குப் போடுகிற சின்னப் பம்ப் ஒன்றை வாங்கி ஒரு போத்தலுக்குள் போட்டு ஓடவிட்டேன். மாமி எனக்கு மந்திரித்துப் பார்வை பார்க்க வேண்டும் என்றார்.

மூதூர்த் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். ஆறு நாள் ஒரு நாளா? மறைக்கிறார்களா என்று கேட்காதே. இன்றைக்கு எந்தப் படியில் நிற்கிறான், நேற்றிலிருந்து எதைக் கூட்டினீர்கள், எதைக் குறைத்தீர்கள் என்று கேள். குழாயைக் கழற்றினால் திரும்ப வைக்க வேண்டி வரலாம், அதைப் பெண்சாதியிடம் இன்றைக்கே சொல்லி வை. அழும்போது குரல் வருகிறதா என்று கவனி, வராவிட்டால் நீயாக வாயைத் திறந்து டொக்டரிடம் சொல். கைபேசியை எப்போதும் சார்ஜில் வை. கோல் வந்தால் ஓட்டோவில் ஏறுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று திருப்பிக் கேள். அவர் பக்கத்தில் இருந்து யாரோ எழுதிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. குரல் வந்துவிட்டது, முழுதாக இல்லை, கொஞ்சம் கரகரப்பு. மற்றப் பக்கத்து நாண் எட்டிப் பிடித்துக்கொண்டது என்றார் டொக்டர். வகுப்பில் அவள் கத்தினால் மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்களாம், அது அவளுக்குப் பெருமை. மாரியில் இழுப்பு வரும், பஃப் வைத்திருக்கிறோம். முதுகில் தழும்பு வளர்ந்து வளர்ந்து நாலு விரல் நீளம் ஆகிவிட்டது.

அந்தக் கோல் வந்த இரவு, தேசிக்காய்த் தண்ணி குடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, கிளாஸில் பேனையால் 5 சென்ரிமீற்றருக்குக் கோடு போட்டுக் காட்டினேன். ஸ்ட்ரோவை அந்தக் கோடு மட்டும் முக்கி ஊதச் சொன்னேன். ஊதினாள். குமிழி வந்தது, அதே சத்தம். மனிசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா அப்பா?" என்றாள் மகள். பிறகு ஸ்ட்ரோவை அடிவரை இறக்கி, கிளாஸ் வழிய வழிய ஊதி, மேசை முழுக்க நனைத்தாள்.